காளஹஸ்தி மூலிகைகளும் சோதனைச்சாலையும்

ஸ்வர்ணமுகி ஆற்றின் கரையில் அமைந்துள்ள காளஹஸ்தி, வாயுலிங்கத் தலமாகவும், வேடர் குலத்துக் கண்ணப்பர் தம் கண்ணை இறைவனுக்கு அளித்த தலமாகவும் தமிழ் மக்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமான ஊர். கைவினைத் துறையில் ஈடுபாடு உடையோர் இவ்வூரைக் கலம்காரி ஓவியத் துணிகளுக்காகவும் அறிவர். கலம்காரிக் கலைஞர் துணியில் நேரடியாக எழுதத் தொடங்குவதில்லை. கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் பருத்தித் துணியை நனைத்து, உலர்த்திய பின்னரே மூங்கில் எழுதுகோலைக் கையில் எடுக்கிறார். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த கரைசலால் எழுதும்போது, கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்புடன் கூடி அழியாத கறுப்பு நிறமாக மாறுகிறது.

இதே கடுக்காயை நாட்டு வைத்தியர்கள் புண்ணைக் கழுவவும், ஈறு வீக்கத்திற்கு வாய் கொப்பளிக்கவும் தருகின்றனர். சோதனைச்சாலையில் கடுக்காய்ச் சாரத்தை வைத்தால் பல வகை நுண்ணுயிர்களின் வளர்ச்சி தடைப்படுவதைக் காணலாம். அப்படியானால் கடுக்காய் ஓர் ஆன்டிபயாடிக் மருந்து ஆகுமா? இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏன் இயலாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தக் கேள்வி இன்று அவசரத் தன்மை பெற்றுள்ளது. பெனிசிலின் தொடங்கிப் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்பட்ட கிருமிகள், அவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெற்று வருகின்றன. 204 நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் உள்ளடக்கி 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 12.7 லட்சம் மக்கள் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உயிரிழந்தனர். இந்திய அரசு இச்சிக்கலை எதிர்கொள்ளத் தேசியச் செயல் திட்டம் ஒன்றை 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டது. புதிய மருந்துகளைத் தேடும் விஞ்ஞானிகளின் பார்வை மீண்டும் மூலிகைகளின் பக்கம் திரும்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

மலையும் மக்களும்

காளஹஸ்தி முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதில் சேர்க்கப்பட்டது. இவ்வட்டாரத்தை ஒட்டிக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேஷாசலக் குன்றுகள் உள்ளன. இக்குன்றுகளில் சுமார் 4,755 சதுர கிலோ மீட்டர் பரப்பு 2010-ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத, அல்லது மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே வளரும் தாவரங்கள் பல இங்குள்ளன. செஞ்சந்தனம் எனப்படும் செம்மரம் அவற்றுள் மிகுந்த புகழ் பெற்றது. கொண்ட சாம்பிராணி என்று தெலுங்கில் வழங்கும் பாஸ்வெல்லியா ஓவாலிஃபோலியோலேட்டா, பிசின் தரும் தம்பக மரம், கடுக்காய் இனத்தைச் சேர்ந்த டெர்மினாலியா பல்லிடா, திருமலைக் குன்றுகளில் காணப்படும் சைகஸ் பெட்டோமை ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

இத்தாவரங்களின் பயனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருப்போருள் யானாதிப் பழங்குடியினர் முதன்மையானவர்கள். சித்தூர், நெல்லூர் வட்டாரங்களில் மிகுதியாக வாழும் இம்மக்கள் காடுபடு பொருள்களைச் சேகரிப்பதிலும் மூலிகை அறிவிலும் பெயர் பெற்றவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல்தொகுதியிலும் இவர்களைப் பற்றிய செய்திகள் இடம்பெற்றுள்ளன. இன்று விண்வெளி ஏவுதளமாக விளங்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் யானாதியர் வாழ்ந்த காடேயாகும்.

இம்மக்களின் மருத்துவ அறிவு ஓலைச் சுவடிகளில் எழுதப்பட்டதன்று. தந்தையிடமிருந்து மகனும் தாயிடமிருந்து மகளும் காட்டிலேயே கற்றுக் கொள்வது. காட்டுடன் உள்ள தொடர்பு குறையுமாயின் இவ்வறிவும் மறையும். இதனை உணர்ந்து, திருப்பதியில் டாக்டர் எஸ். வேதவதியும் அவருடன் பணியாற்றியோரும் சித்தூர் மாவட்டப் பழங்குடியினரின் மருத்துவ முறைகளைத் தொகுத்து 1997-ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளியிட்டனர். 1954-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சேஷாசல மூலிகைகளின் வேதியியலையும் கிருமித் தடுப்பு ஆற்றலையும் ஆராய்ந்து வருகின்றனர்.

மூலிகைகளை வரிசையாகச் சோதிக்கும் பணி நம் நாட்டுக்குப் புதிதன்று. லட்சுமணபுரியில் 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், இந்தியத் தாவரங்களின் உயிரியல் செயல்பாடுகளைப் பரவலாகச் சோதித்து, அதன் முதல் பகுதியை 1968-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் பின்னர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எண்ணற்ற மூலிகைகள் சோதிக்கப்பட்டுள்ளன. ஆயினும், தாவரத்திலிருந்து பிறந்து, பாக்டீரியா நோய்களுக்கு உள்மருந்தாக உலகெங்கும் வழங்கும் ஆன்டிபயாடிக் ஒன்றைச் சுட்டிக் காட்டுவது அரிது. இன்றைய ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பாலானவை பூஞ்சைகளிலிருந்தும் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்தும் கிடைத்தவை, அல்லது வேதியியல் முறையில் ஆக்கப்பட்டவை. இத்தனை சோதனைகளுக்கும் இந்த முடிவுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் புரிந்து கொள்ள, சோதனை நடைபெறும் முறையை முதலில் அறிய வேண்டும்.

சோதனை நடைபெறும் முறை

மூலிகையின் இலை, பட்டை அல்லது வேர் நிழலில் உலர்த்தப்பட்டுத் தூளாக்கப்படுகிறது. தூளை நீர், எத்தனால், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்தோ, சாக்ஸ்லெட் கருவியில் சூடேற்றியோ அதன் சாரம் பிரித்தெடுக்கப்படுகிறது. கரைப்பான் ஆவியான பின் எஞ்சும் பிசுபிசுப்பான பொருளே சோதனைக்குரிய சாரம்.

மற்றொரு புறம், கடற்பாசியிலிருந்து பெறும் அகர் கலந்த ஊட்டக்கூழ் பெட்ரி தட்டில் ஊற்றி உறைய வைக்கப்படுகிறது. சோதனைக்குரிய பாக்டீரியாக்களை ஒரு மில்லி லிட்டரில் சுமார் 15 கோடி என்னும் அளவில் கொண்ட கலங்கல் நீரைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, கூழின் மேற்பரப்பு முழுவதும் சீராகத் தடவுகின்றனர். பின்னர் சாரத்தில் தோய்த்த 6 மில்லி மீட்டர் விட்டமுள்ள காகித வில்லையைக் கூழின் மீது வைக்கின்றனர். அல்லது கூழில் சிறு குழி வெட்டிச் சாரத்தை இடுகின்றனர். தட்டை ஏறத்தாழ 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருந்தால், பாக்டீரியா வளர்ந்து தட்டு முழுவதும் வெண்மையாகப் படர்ந்திருக்கும். சாரம் தடுத்த இடத்தில் மட்டும் தெளிவான வட்டம் தோன்றும். இதற்குத் தடுப்பு வளையம் என்று பெயர். வில்லை முறையை 1966-ஆம் ஆண்டில் பாவர், கெர்பி முதலியோர் ஒழுங்குபடுத்தினர். மருத்துவமனைகளில் நோயாளிக்கு எந்த ஆன்டிபயாடிக் பயன்படும் என்று அறிவதற்கு இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

எளிமையும் குறைந்த செலவும் உடைய சோதனை இது. ஆதலால் சிறு கல்லூரியிலும் இதனைச் செய்ய இயலும். ஆனால் இதே எளிமைதான் பல பிழையான முடிவுகளுக்கும் காரணமாகிறது. அப்பிழைகள் தட்டில் தொடங்குவதில்லை. மூலிகையைப் பறிக்கும் இடத்திலேயே தொடங்குகின்றன.

பெயரில் நேரும் பிழை

கோடைக்காலத்தில் திருப்பதி, காளஹஸ்திப் பகுதிகளில் நன்னாரி சர்பத் விற்கப்படுவதைக் காணலாம். தமிழ்நாட்டில் நன்னாரி என்றால் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் என்னும் மெல்லிய வேருடைய கொடியைக் குறிக்கும். ஆந்திரத்திலோ, நாம் ஊறுகாய் போடப் பயன்படுத்தும் மாகாளிக் கிழங்கும் நன்னாரி என்ற பெயரில் விற்பனையாகிறது. அதன் தாவரப் பெயர் டெக்காலெப்பிஸ் ஹாமில்டோனி. இரண்டிற்கும் மணம் ஏறத்தாழ ஒன்றே. ஏனெனில் இரண்டிலும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள்தான். ஆயினும் தாவரங்கள் வேறு. அவற்றிலுள்ள ஏனைய பொருள்களும் வேறு.

கடையில் 'நன்னாரி வேர்' என்று வாங்கி வந்து சோதித்து முடிவை வெளியிடும் மாணவர், தாம் எந்தத் தாவரத்தைச் சோதித்தோம் என்பதையே அறியாதவராகிறார். அவருடைய முடிவை வேறொருவர் மறுபடி செய்து சரிபார்க்கவும் வழியில்லை. ஆகவே சோதனைக்கு எடுத்த செடியின் பூவும் காயும் கூடிய கிளையை அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், நாள் ஆகிய குறிப்புகளுடன் ஒரு தாவரச் சேமிப்பகத்தில் வைப்பது இன்றியமையாதது. கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல நிலையமும் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளும் இத்தகைய சேமிப்பகங்களைப் பராமரித்து வருகின்றன.

தயாரிப்பில் நேரும் பிழை

மாகாளிக் கிழங்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. அதன் மணத்திற்குக் காரணமான பொருள், வெனிலாவின் மணப்பொருளுக்கு உறவான ஓர் ஆல்டிஹைடு ஆகும். பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் வளர்ச்சியை இது தடுக்கிறது என்பது சோதனைகளில் தெரிய வந்துள்ளது. ஆனால் இப்பொருள் எளிதில் ஆவியாகக் கூடியது. கிழங்கைக் கடும் வெயிலில் காயவைத்து, பல மணி நேரம் சூடேற்றிச் சாரம் இறக்கினால், மணத்தோடு ஆற்றலும் பெருமளவு அகன்றுவிடும். பின்னர் தட்டில் வளையம் தோன்றவில்லை என்று கண்டு, 'பழங்குடியினரின் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை' என்று எழுதுவது, கிழங்கின் குறையைக் காட்டுவதன்று. தயாரித்தவரின் குறையைக் காட்டுவதாகும்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு இதற்குச் சிறந்த சான்று. சீன விஞ்ஞானி தூ யூயூ 1971-ஆம் ஆண்டில் ஒரு மூலிகையை ஆராய்ந்தபோது, சூடேற்றி எடுத்த சாரம் நிலையான பலனைத் தரவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன மருத்துவர் ஒருவரின் நூலில், அம்மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறப்பட்டிருந்ததை அவர் கவனித்தார். காய்ச்சுமாறு அதில் கூறப்படவில்லை. எனவே குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தார், பயன் கிட்டியது. இப்பணிக்காக அவருக்கு 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாட்டு வைத்தியர் மூலிகையை அரைக்கிறாரா, காய்ச்சுகிறாரா, எண்ணெயில் இறக்குகிறாரா என்பது வெறும் வழக்கமன்று. அதுவும் சோதிக்கப்பட வேண்டிய அறிவின் ஒரு பகுதியே.

வளையத்தின் பொருள்

தாவரமும் தயாரிப்பும் சரியாக அமைந்து, வளையமும் தோன்றிவிட்டது என்று கொள்வோம். அதன் விட்டம் எதைக் காட்டுகிறது? சாரத்திலுள்ள பொருள் அகர்க் கூழினூடே எவ்வளவு தொலைவு பரவியது, பரவிய இடத்தில் எவ்வளவு தடுத்தது என்னும் இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. நீரில் எளிதில் கரையும் பொருள் விரைந்து பரவும். எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் மிக ஆற்றல் உடையதாயினும் வில்லையை விட்டு நகராது. ஆகவே இரு வேறு மூலிகைகளின் வளையங்களை அளந்து, பெரிய வளையம் தந்ததே சிறந்த மருந்து என்று வரிசைப்படுத்துவது பொருந்தாது.

ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிடும்போது மேலும் எச்சரிக்கை தேவை. எடுத்துக்காட்டாக, ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் கலந்த சாரத்தில் 100 மைக்ரோ லிட்டரைக் குழியில் இட்டால், அங்கு சேர்வது 10 மில்லி கிராம் சாரம். ஒப்பீட்டுக்கு வைக்கும் ஜென்டமைசின் வில்லையில் இருப்பதோ 10 மைக்ரோ கிராம் மட்டுமே. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள வளையத்தைத் தந்தாலும், மூலிகைச் சாரம் ஆயிரம் மடங்கு அதிகமாக இடப்பட்டுள்ளது என்பதை மறத்தலாகாது. 'ஜென்டமைசினுக்கு நிகரான மூலிகை' என்று நாளேட்டில் செய்தி வெளியாகும்போது இந்த ஆயிரம் மடங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

எனவே வளையம் கண்ட பின் செய்ய வேண்டியது, குறைந்தபட்சத் தடுப்பு அளவைக் காண்பதாகும். சிறு குழிகள் கொண்ட தட்டில் சாரத்தை ஒரு மில்லி லிட்டருக்கு 1,000, 500, 250, 125 மைக்ரோ கிராம் என்று பாதி பாதியாகக் குறைத்துக் கொண்டே செல்ல வேண்டும். பாக்டீரியா வளராமல் நீர் தெளிவாக இருக்கும் கடைசிக் குழியின் அளவே அது. தெளிந்த குழியிலிருந்து ஒரு துளியைப் புதிய ஊட்டக்கூழில் இட்டுப் பார்த்தால், கிருமி இறந்ததா, வளராமல் அடங்கியிருந்ததா என்பதும் விளங்கும். கரைப்பானை மட்டும் இட்ட குழியும், அறிந்த மருந்தை இட்ட குழியும் உடன் இருத்தல் வேண்டும். சோதனையைப் பலமுறை திரும்பச் செய்தலும் வேண்டும். இனம் தெரிந்த பாக்டீரியாக்களைச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து பெறலாம்.

எவ்வளவு அளவு வரை சோதிப்பது பொருத்தம்? ரியோஸ், ரெசியோ என்னும் ஸ்பானிய ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டில் ஒரு வரையறை கூறினர். சாரமாயின் மில்லி லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்கு மேலும், பிரித்தெடுத்த தூய பொருளாயின் 0.1 மில்லி கிராமுக்கு மேலும் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அது. இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு சாரத்தின் தடுப்பு அளவு மில்லி லிட்டருக்கு 5 மில்லி கிராம் என்று கொள்வோம். ஒருவர் உடலில் 5 லிட்டர் குருதி இருப்பின், குருதியில் மட்டும் அந்த அளவை எட்ட 25 கிராம் சாரம் தேவை. உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாரம் கிடைப்பதாகக் கொண்டால், கால் கிலோ உலர்ந்த இலையின் சாரம் முழுவதும் சிதையாமல் குருதியில் கலக்க வேண்டும். இது நடைமுறையில் இயலாத செயல்.

கடுக்காய் தரும் விளக்கம்

இனிக் கலம்காரிக் கலைஞரின் கடுக்காய்க்குத் திரும்புவோம். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருள்கள் இரும்பைப் பற்றுகின்றன. புரதங்களையும் பற்றித் திரியச் செய்கின்றன. துணியில் நிறத்தை இறுக்குவது இந்தப் பண்பே. பெட்ரி தட்டிலும் டானின் இதே வேலையைச் செய்கிறது. பாக்டீரியாவின் மேற்புறப் புரதங்களைப் பற்றுகிறது. அது வளரத் தேவையான இரும்பையும் பிற ஊட்டங்களையும் கவர்ந்து கொள்கிறது. ஆகவே வளையம் தோன்றுகிறது. டெர்மினாலியா பல்லிடா உட்படத் துவர்ப்பு மிகுந்த காய், பட்டை ஆகியவற்றில் வளையம் காண்பது வியப்புக்குரியதன்று.

ஆனால் இத்தடை குறிப்பிட்ட கிருமியைத் தேடிச் சென்று தாக்கும் தடையன்று. குருதியில் புரதம் மிகுதி. டானின் முதலில் அப்புரதங்களைப் பற்றும். மேலும் குடலிலிருந்து டானின் மிகக் குறைவாகவே உட்கவரப்படுகிறது. எனவே காய்ச்சலுக்கோ, நுரையீரல் நோய்க்கோ கடுக்காயை ஆன்டிபயாடிக்காகக் கொள்வதற்குத் தட்டில் தோன்றிய வளையம் சான்றாகாது. அதே சமயம், வாயிலும் புண்ணின் மேற்பரப்பிலும் டானின் கிருமியை நேரடியாகச் சந்திக்கிறது; ஆறும் தோலையும் இறுக்குகிறது. நாட்டு வைத்தியர் கடுக்காயைக் கொப்பளிக்கவும் புண் கழுவவும் தந்தது, அது செயல்படக் கூடிய இடத்திலேயே தந்ததாகும். மரபு வழக்கு எதைக் கூறுகிறதோ அதற்கு ஏற்ற சோதனையை வகுப்பதே முறை. வெளிப்பூச்சாகப் பயன்படும் மூலிகையை உள்மருந்தாக எண்ணிச் சோதித்து, இல்லாத பெருமையை ஏற்றுவதும், இருக்கும் பயனை மறுப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

கூட்டுப் பொருள்களைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் கிருமிகளைத் தடுக்கும் பொருள். ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அதனைத் தன் உடலிலிருந்து வெளியே இறைத்துவிடும் ஆற்றல் உடையது. பெர்பெரின் தரும் ஒரு செடியில், அந்த இறைக்கும் அமைப்பை முடக்கும் மற்றொரு பொருளும் இருப்பதை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்தெடுக்கும்போது மூலிகையின் ஆற்றல் குறைவதற்கு இத்தகைய காரணமும் இருக்கலாம்.

கிருமிக்கும் உயிரணுவுக்கும் வேறுபாடு

கிருமியைக் கொல்வது கடினமன்று. நோயாளியைப் பாதுகாத்துக் கொண்டு கிருமியை மட்டும் கொல்வதே கடினம். சாராயமும் சலவைக் காரமும் கூடத் தட்டில் வளையம் தரும். எனவே கிருமியைத் தடுக்கும் அளவோடு, மனித உயிரணுக்களுக்கு ஊறு விளைவிக்கும் அளவையும் கண்டறிந்து, இரண்டிற்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே விலங்குகளிலும், உரிய அனுமதியுடன் மனிதரிலும் சோதனைகள் தொடரும். இவை ஆண்டுக் கணக்கில் நடைபெற வேண்டியவை. வளையத்தைக் கண்டு மகிழ்ந்து ஆய்வு நின்றுவிடும்போது, மூலிகை மருந்தாகும் வழியும் அங்கேயே நின்றுவிடுகிறது.

எல்லா மூலிகைகளும் உள்மருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கறவை மாடுகளின் மடிநோய்க்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தினர் மரபு முறையிலிருந்து வகுத்த வெளிப்பூச்சு இதற்கு எடுத்துக்காட்டு. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து மடியின் மேல் திரும்பத் திரும்பப் பூசுவது இம்முறை. தேசியப் பால்வள வாரியமும் இதனைப் பரப்பி வருகிறது. மாட்டுக்குச் செலுத்தும் ஆன்டிபயாடிக் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குப் பாலில் அதன் எச்சமும் குறையும். கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகும் வாய்ப்பும் குறையும். புதிய மருந்தைத் தேடுவது போலவே, இருக்கும் மருந்தின் ஆற்றலைக் காப்பதும் ஒரு தேசியப் பணியே.

காடும் உரிமையும்

சோதனையின் வெற்றியே சில சமயம் மூலிகைக்கு ஆபத்தாக முடியும். மாகாளிக் கொடியின் பயன் அதன் கிழங்கில் உள்ளது. கிழங்கைத் தோண்டினால் கொடி மடிகிறது. சர்பத்துக்கும் ஊறுகாய்க்கும் ஏற்கெனவே காட்டிலிருந்து தோண்டப்படும் கிழங்குக்கு, மருந்துத் தேவையும் சேருமாயின் அது தாங்காது. பிசினுக்காகக் கொண்ட சாம்பிராணியின் பட்டை அளவின்றி வெட்டப்படுகிறது. சைகஸ் பெட்டோமையின் ஆண் கூம்புகள் மருந்துக்காகப் பறிக்கப்படுகின்றன. இத்தாவரம் பன்னாட்டு வணிகத் தடையின் முதல் அட்டவணையில் உள்ளது. செம்மரம் 1995-ஆம் ஆண்டு முதல் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றும் அதன் கடத்தல் ஓயவில்லை. எனவே கிழங்கில் காணும் ஆற்றல் இலையிலும் கிடைக்கிறதா, பட்டையில் காண்பது உதிர்ந்த காயிலும் உண்டா, செடியை நாற்றங்காலில் வளர்க்க இயலுமா என்னும் வினாக்களும் ஆய்வில் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

அறிவைத் தந்தவருக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்பது அடுத்த கடமை. கேரளத்தின் அகத்தியமலைப் பகுதியில் 1987-ஆம் ஆண்டில் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகளுக்கு, களைப்பைப் போக்கும் 'ஆரோக்கியப் பச்சை' என்னும் செடியைக் காணிப் பழங்குடியினர் காட்டினர். அதிலிருந்து வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995-ஆம் ஆண்டில் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கியது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவிகிதம் உரிமைப் பங்கு. இவற்றில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று; அதனைப் பெறுவதற்காக 1997-ஆம் ஆண்டில் அவர்களின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பின்னர், காட்டிலிருந்து இலை எடுப்பது பற்றிய சிக்கல்களால் மருந்து உற்பத்தி இடர்ப்பட்டது. பங்கீட்டுக்கு வழி வகுத்தது போலவே மூலப்பொருளுக்கும் முன்கூட்டி வழி வகுத்திருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இத்தகைய பங்கீட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது. இதன் கீழ் உள்ளாட்சி நிலையில் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுக்கள் அமைத்து, மக்கள் பதிவேடுகள் தயாரிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபறிவின் மீது காடுவாழ் மக்களுக்குள்ள சமூக உரிமையை ஏற்றுள்ளது. 2023-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்குச் சில விலக்குகளை அளித்துள்ளது. யானாதியரின் அறிவு வாய்மொழியாக வழங்குவது. அதனை எவரேனும் தம் பெயரில் எழுதிக் கொண்டு செல்வதற்கு முன், அம்மக்களின் ஒப்புதலுடன் அவர்கள் பெயரிலேயே பதிவேட்டில் ஏற்றுவது உள்ளூர் அதிகாரிகளின் பொறுப்பாகும்.

செய்ய வேண்டியவை

மூலிகைச் சோதனையில் ஈடுபடும் மாணவர்கள், செடியின் சரியான பெயர், வைத்தியர் தயாரிக்கும் முறை, தடுக்கும் அளவு, உயிரணுக்களுக்கு ஊறு செய்யும் அளவு ஆகிய நான்கையும் கூறாத முடிவு அரைகுறையானது என்பதை உணர வேண்டும். வளையம் தோன்றாத சோதனையையும் ஒளிக்காமல் பதிவு செய்தல் வேண்டும். அடுத்து வருபவருக்கு அது வீண் உழைப்பை மிச்சப்படுத்தும். ஆய்வுக்கு நிதி வழங்குவோர், வளையங்களின் எண்ணிக்கையைக் கேட்பதை விடுத்து, ஒரு மூலிகையையேனும் இறுதி வரை கொண்டு சென்றனரா என்று கேட்பது நலம். வனத்துறையும் பல்கலைக்கழகமும் பழங்குடி நலத்துறையும் தனித்தனியே இயங்காமல், ஒரே திட்டத்தின் கீழ் இணைந்து பணியாற்றினால் சேஷாசலக் குன்றுகளில் இது இயலாத செயலன்று.

காளஹஸ்தியில் கடுக்காய் நீரில் நனையாத துணியில் நிறம் நிலைப்பதில்லை என்பதை அங்குள்ள கைவினைஞர் அனுபவத்தால் அறிந்துள்ளனர். எந்தப் புண்ணுக்கு எந்தப் பட்டை உதவும் என்பதை மலைமக்களும் அவ்வாறே அறிந்துள்ளனர். அவர்கள் கூறுவதை அப்படியே ஏற்பதும் ஆய்வன்று. ஒரு தட்டைப் பார்த்துத் தள்ளிவிடுவதும் ஆய்வன்று. அவர்களிடம் முழுமையாகக் கேட்டறிந்து, கேட்டதை நேர்மையாகச் சோதித்து, கண்ட பயனை அவர்களோடு பகிர்ந்து கொள்வதே மூலிகை ஆய்வு நாட்டின் வளர்ச்சிக்கு உதவும் வழியாகும்.